மாற்றப்பட்ட பெயரும் மறந்துவிட்ட ஆண்டும்: கலை வரலாற்றுக் கல்வி எதனைக் கற்பிக்கிறது?

கலை வரலாறு பயிலும் மாணவர் அடையும் திறன்கள் யாவை என்னும் வினா அண்மைக் காலத்தில் பெரும்பாலும் வரவு செலவுக் கணக்கின் மொழியிலேயே எழுப்பப்பட்டு வருகின்றது. 2014 ஜனவரியில், அன்றைய அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் உரையாற்றுகையில், கலை வரலாற்றுப் பட்டத்தைக் காட்டிலும் தொழிற்பயிற்சி இளைஞருக்கு மிகுந்த வருவாயைத் தரக்கூடும் என்னும் பொருள்பட ஒரு சொல் உதிர்த்தார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அத்துறையைக் கற்பிக்கும் ஆன் காலின்ஸ் ஜான்ஸ் அதனை மறுத்து எழுதியபோது தம் கைப்பட மன்னிப்புக் கடிதமும் அனுப்பினார். 2016 அக்டோபரில் இங்கிலாந்தின் ஏ.க்யூ.ஏ. தேர்வு வாரியம், பள்ளி மேல்நிலைத் தேர்வான ‘ஏ லெவல்’ பாடங்களிலிருந்து கலை வரலாற்றை நீக்கப் போவதாக அறிவித்தது. அப்பாடத்திற்குத் தேர்வு நடத்திவந்த ஒரே வாரியம் அதுதான். அறிஞர்களின் எதிர்ப்பு வலுத்தது. டிசம்பரில் பியர்சன் நிறுவனம் பாடத்தை ஏற்றுக்கொண்டதால் அது பிழைத்தது.

இவ்விரு நிகழ்வுகளின்போதும் கலை வரலாற்றின் சார்பில் எழுதியோர் முன்வைத்த வாதங்களைப் படித்துப் பார்த்தால், அவை ஏறத்தாழ ஒரே வாதமாகவே இருப்பதைக் காணலாம். கூர்ந்து நோக்கும் ஆற்றல், திறனாய்வுச் சிந்தனை, தெளிவாக எடுத்துரைக்கும் வன்மை, பிற பண்பாடுகளைப் புரிந்துகொள்ளும் மனப்பாங்கு. இவை எந்தப் பணிக்கும் பயன்படும்; ஆதலால் இப்பாடம் தேவை என்பது அவர்கள் கூற்று. இதில் பொய் ஏதுமில்லை. ஆயினும் வரலாறு, மெய்யியல், இலக்கியம் என எந்தத் துறையின் பெயரை எழுதினாலும் இதே பட்டியல் பொருந்திவிடும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் வாதம் எதனையும் காப்பாற்றாது. கலை வரலாறு மட்டுமே தரக்கூடியது ஏதேனும் உண்டா என்பதே கேட்கப்பட வேண்டியது.

மருத்துவக் கல்வியிலிருந்து ஒரு சான்று அடிக்கடி எடுத்துக் காட்டப்படுகின்றது. யேல் பல்கலைக்கழகத்தின் தோல்நோய் மருத்துவப் பேராசிரியர் இர்வின் பிரேவர்மன், அங்குள்ள பிரித்தானியக் கலை மையத்தின் லிண்டா ஃபிரீட்லாந்தருடன் இணைந்து மருத்துவ மாணவர்களை ஓவியங்களின் முன் நிறுத்திப் பயிற்சி அளித்தார். ஓவியத்தின் பெயர்ப்பலகையைப் படிக்காமல் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே அவர்கள் சொல்ல வேண்டும். அப்பயிற்சி பெற்றவர்கள் நோயாளிகளின் புகைப்படங்களை மேலும் நுட்பமாக விவரித்தார்கள் என்று 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு கூறிற்று. நல்லதுதான். ஆனால் அங்கே ஓவியம் ஒரு உடற்பயிற்சிக் கருவி. அதனைத் தீட்டியவர் யார், எந்த நூற்றாண்டில், யாருடைய பணத்தில் என்பன தேவையற்றவை. கண் கூர்மையாயிற்று, வரலாறு நின்றுபோயிற்று.

ஹார்வர்டின் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தம் மாணவர்களுக்கு இடும் பணி இதனினும் ஆழமானது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஓர் ஓவியத்தின் முன் மூன்று மணி நேரம் முழுமையாக அமர்ந்து, கண்டவற்றையும் எழுந்த ஐயங்களையும் குறித்துவர வேண்டும். அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கிள்டன் காப்லி 1765இல் தீட்டிய, பறக்கும் அணிலுடன் அமர்ந்திருக்கும் சிறுவனின் ஓவியத்தைத் தாமே அவ்வாறு நோக்கிய அனுபவத்தை அவர் எழுதியுள்ளார். சிறுவனின் காது மடலும் அணிலின் வயிற்றோர மயிர்வரியும் ஒரே வளைவைக் கொண்டிருப்பதைக் காண ஒன்பது நிமிடங்கள் ஆயின. பின்னணித் திரையின் மடிப்புகள் அக்காதின், கண்ணின் வடிவங்களையே திரும்ப வரைவதைக் காண நாற்பத்தைந்து நிமிடங்கள் ஆயின. பார்த்தல் வேறு, கண்டுகொள்ளுதல் வேறு என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் இல்லை. இருப்பினும், மூன்று மணி அல்ல, மூன்று நாள் அமர்ந்தாலும் வெறும் கண்ணால் அடைய முடியாத இடம் ஒன்று உண்டு. அதற்கு எடுத்துக்காட்டாக இஸ்லாமியக் கலை வரலாற்று நூல்களில் முதற்பக்கங்களை நிரப்பும் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம்.

பைத்துல் முகத்தஸில் எழுந்து நிற்கும் குப்பத்துஸ் ஸக்ரா, அதாவது பாறைக் குவிமாடம், நம் வீடுகளின் நாட்காட்டிகளிலும் சுவர்ப்படங்களிலும் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. அப்படத்தில் நம் கண்ணை முதலில் ஈர்ப்பவை இரண்டு: பொன்னிறக் குவிமாடமும் புறச்சுவரின் நீல ஓடுகளும். கலை வரலாற்று வகுப்பில் முதலில் கழற்றப்படுபவையும் இவ்விரண்டே. இப்போதுள்ள பொன்முலாம் 1990களில் ஜோர்தான் மன்னர் ஹுசைனின் கொடையால் இடப்பட்டது. குவிமாடத்தின் மரக்கூடு 1016இல் சரிந்து விழுந்து ஃபாத்திமியர் காலத்தில் மீண்டும் கட்டப்பட்டது. புறச்சுவரில் முதலில் இருந்தவை மொசைக் அலங்காரங்கள். 16ஆம் நூற்றாண்டில் உதுமானிய சுல்தான் சுலைமான் அவற்றை நீக்கி ஓடு பதித்தார். அவ்வோடுகளும் 20ஆம் நூற்றாண்டில் பெருமளவு மாற்றப்பட்டன. அப்படியானால் உமையாக் கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் கட்டியது என்று நாம் கூறும் கட்டடம் எங்கே? அது தரை அமைப்பில் இருக்கிறது. தூண்களின் ஒழுங்கில் இருக்கிறது. உள்ளே, மேலே, மங்கிய வெளிச்சத்தில் மின்னும் மொசைக்கில் இருக்கிறது. ஒரே பெயரால் அழைக்கப்படும் ஒரு பொருளுக்குள் பல வயதுகள் உள்ளன என்பதை ஏற்றுக்கொள்ளும் பழக்கம் இங்கே தொடங்குகின்றது.

பாறையைச் சுற்றி ஒரு வட்டத்தில் நான்கு கட்டுத்தூண்களும் பன்னிரண்டு உருளைத் தூண்களும். அதனைச் சூழ்ந்து எண்கோணத்தில் எட்டுக் கட்டுத்தூண்களும் பதினாறு உருளைத் தூண்களும். எண்கோண வளைவுகளின் மேலே, உட்பக்கமும் வெளிப்பக்கமுமாக ஏறத்தாழ 240 மீட்டர் நீளத்திற்கு நீலப் பின்னணியில் பொன்னெழுத்துகளால் ஒரு கூஃபி வரி ஓடுகின்றது. வெளிப்பக்க வரியின் இறுதியில், இக்குவிமாடத்தைக் கட்டியவராக அப்பாஸியக் கலீஃபா மஃமூனின் பெயர் இருக்கின்றது. கட்டிய ஆண்டாக ஹிஜ்ரி 72, அதாவது கி.பி. 691–92, குறிக்கப்பட்டுள்ளது. மஃமூன் பிறந்ததோ ஹிஜ்ரி 170இல்.

பெயரைத் திருத்திய கைவினைஞர் ஆண்டைத் திருத்த மறந்துவிட்டார், அல்லது எவரும் கவனிக்கமாட்டார் என விட்டுவிட்டார். அப்துல் மலிக்கின் பெயர் இருந்த இடத்தில் அதனினும் நீளமான பெயரைப் புகுத்த வேண்டியிருந்ததால் எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கின்றன. புதிதாகப் பதித்த கண்ணாடித் துண்டுகளின் வண்ணம் சுற்றியுள்ளவற்றோடு ஒத்துப்போகவில்லை. இவ்வளவையும் 19ஆம் நூற்றாண்டின் ஆய்வாளர்களே கண்டு எழுதிவிட்டார்கள். இங்கே நாம் கவனிக்க வேண்டியது, இதனைக் கண்டுபிடிக்க எத்தனை அறிவுகள் ஒன்றுகூட வேண்டியிருந்தன என்பதையே. அரபு எழுத்துமுறை தெரிய வேண்டும். கலீஃபாக்களின் ஆட்சிக் காலம் தெரிய வேண்டும். மொசைக் எவ்வாறு பதிக்கப்படுகிறது, பழைய துண்டும் புதிய துண்டும் எங்ஙனம் வேறுபடும் என்பது தெரிய வேண்டும். எழுத்தறிந்த வரலாற்றாசிரியருக்கு ஆண்டின் முரண்பாடு தென்படும். அது எழுதியவரின் பிழையா பிற்காலத் திருத்தமா என்பதை அவரால் முடிவு செய்ய இயலாது. கூர்ந்த கண் மட்டும் உடையவருக்கு வண்ண வேறுபாடு தென்படும். அதன் பொருள் தெரியாது. இவ்விரண்டும் ஒருவரிடத்தில் சந்திப்பதே கலை வரலாறு. மருத்துவ மாணவரின் ஓவியப் பயிற்சி ஏன் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்பதும் இதனால் விளங்கும்.

இக்கட்டடத்தை அப்துல் மலிக் ஏன் எழுப்பினார்? வரலாற்று நூல்களைத் திறந்தால் விடை ஆயத்தமாக இருக்கின்றது. 9ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் யஅகூபி கூறுவது: மக்கா அப்போது அப்துல்லாஹ் பின் ஸுபைரின் கையில் இருந்தது; அங்கு செல்லும் சிரியா நாட்டு ஹாஜிகளிடம் அவர் தமக்கு விசுவாசப் பிரமாணம் வாங்கினார்; அதனைத் தடுக்கவே அப்துல் மலிக் ஹஜ்ஜை பைத்துல் முகத்தஸின் பக்கம் திருப்ப முயன்றார். இதனை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்னாஸ் கோல்ட்ஸிஹர் ஏற்றுக்கொண்டார். ஐரோப்பியப் பாடநூல்கள் அதனை நிலைநாட்டிவிட்டன. 1950இல் எஸ்.டி. கோய்டைன் இதை மறுத்தார். இத்தகைய செயல் ஓர் ஆட்சியாளரை இஸ்லாத்தின் வரம்புக்கு வெளியே நிறுத்திவிடும். அப்துல் மலிக்கின் எதிரிகள் அதனைச் சொல்லாமல் விட்டிருப்பார்களா? தபரியும் பலாதுரியும் ஏன் மௌனமாயிருக்கிறார்கள்? யஅகூபியோ உமையாக்களிடம் நல்லெண்ணம் கொண்டவர் அல்லர். கோய்டைனின் இவ்வாதங்கள் அனைத்தும் நூல்களைக் கொண்டு நூல்களை எடைபோடுபவை. கட்டடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

1959இல் ஒலெக் கிராபர் வெளியிட்ட கட்டுரையின் சிறப்பு, அவர் கட்டடத்தையே சாட்சியாக அழைத்தமைதான். மொசைக்கில் மனித உருவமோ விலங்குருவமோ இல்லை. செடிகொடிகளும் பூச்சாடிகளும் நிறைந்துள்ளன. ஆனால் பாறையை நோக்கிய உட்பக்கங்களில் மட்டும் அக்கொடிகளின்மேல் மகுடங்கள், கழுத்தணிகள், மார்பணிகள், தோடுகள் தொங்குகின்றன. வெளிநோக்கிய பக்கங்களில் அவை இல்லை. எவராயினும் கண்ணை உயர்த்திப் பார்த்தால் தெரியக்கூடிய வேறுபாடுதான் இது. அதனை ஒரு கேள்வியாக மாற்றியவர் கிராபர். அவ்வணிகள் பைஸாந்திய, ஸாஸானிய அரச மரபின் அணிகள். வெல்லப்பட்ட அரசர்களின் சின்னங்களைப் புனிதத் தலத்தில் தொங்கவிடும் பழைய வழக்கத்தோடு அவர் இதனைப் பொருத்தினார். அடுத்து எழுத்துக்குச் சென்றார். உட்பக்க வரியில் தேர்ந்தெடுக்கப்பட்டவை அந்நிஸா அத்தியாயத்தின் 171, 172 ஆகிய வசனங்கள், மர்யம் அத்தியாயத்தின் 33 முதல் 36 வரையான வசனங்கள் என ஈஸா நபியைப் பற்றியவையே. பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் முதல் வசனம், இஸ்ராப் பயணத்தைக் கூறுவது, உமையாக்களின் அவ்வரியில் இல்லை. கிறிஸ்தவர் பெருந்தொகையாக வாழ்ந்த, திருக்கல்லறைத் தேவாலயத்தின் குவிமாடம் ஓங்கி நின்ற நகரில், புதிய மார்க்கத்தின் அறிவிப்பாக இக்கட்டடம் எழுந்தது என்பது கிராபரின் முடிவு.

இங்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 10ஆம் நூற்றாண்டில் அந்நகரிலேயே பிறந்து வளர்ந்த புவியியலாளர் முகத்தஸீ, அத்தேவாலயக் குவிமாடத்தின் பேரழகு முஸ்லிம்களின் உள்ளத்தை மயக்கிவிடும் என அஞ்சியே அப்துல் மலிக் இதனை எழுப்பினார் என்று பதிவு செய்துள்ளார். கே.ஏ.சி. கிரெஸ்வெல் இரு குவிமாடங்களின் அளவுகளை ஒப்பிட்டபோது இரண்டின் விட்டமும் ஏறத்தாழ 20 மீட்டர் என, மிக நெருங்கி வந்தன. நூல் கூறியதை அளவுநாடா உறுதிசெய்த அரிய தருணம் அது.

மர்யம் அத்தியாயத்தின் 33ஆம் வசனம் அச்சுவரில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. குர்ஆனில் தன்னிலையில் அமைந்த அக்கூற்று இங்கே படர்க்கையில் உள்ளது. வசனத்தை அறிந்தவர் ஒரு கணம் திகைப்பார். பிழையென்று விரைந்து முடிவு கட்டுவதற்கு முன், அது ஒரு துஆவின் அமைப்பில் வைக்கப்பட்டிருப்பதையும், பிறர்க்காக ஸலாம் வேண்டுகையில் இலக்கணம் இயல்பாக அவ்வாறே மாறும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கிறிஸ்டல் கெஸ்லர் 1970இல் அவ்வரி முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்து, புள்ளிக் குறிகள் எங்கெங்கே இடப்பட்டுள்ளன என்பதுவரை குறித்து வெளியிட்டார். ஒரு பெரிய முடிவையும் அறிவிக்காத, வியப்பூட்டும் சொல் ஒன்றும் இல்லாத கட்டுரை அது. மாணவர் ஒருவர் எந்தக் கட்டுரையைப் பார்த்து எழுதக் கற்க வேண்டும் என்று கேட்டால், கிராபரின் புகழ்பெற்ற கட்டுரைக்கு முன்பாக இதனையே பரிந்துரைப்பேன்.

கிராபரின் வாசிப்பும் இறுதித் தீர்ப்பாக நிற்கவில்லை. மிரியம் ரோஸன்-அயலோன் 1989இல் அதே கொடிகளையும் அணிகளையும் சுவனத்தின் காட்சியாகப் படித்தார். அமிகாம் எலாத் 1995இல் யஅகூபியின் செய்தி முற்றிலும் புறந்தள்ளத் தக்கதல்ல என வேறு அரபுச் சான்றுகளோடு மீண்டும் வாதிட்டார். ஷீலா பிளேயர் 1992இல் கேட்ட கேள்வி இவை எல்லாவற்றினும் அடிப்படையானது: ஹிஜ்ரி 72 என்பது கட்டி முடித்த ஆண்டா, தொடங்கிய ஆண்டா? தொடங்கிய ஆண்டு என்பது அவர் கருத்து. இப்னு ஸுபைர் வீழ்ந்தது அடுத்த ஆண்டிலேயே என்பதனால், இந்தச் சிறு வேறுபாடு கட்டடத்தின் அரசியல் பொருளையே புரட்டிப்போட வல்லது. கிராபரோ 2011இல் மறையும்வரை இக்கட்டடத்தை விடவில்லை. 1996இலும் 2006இலும் நூல்களாக மீண்டும் எழுதினார். ஒரே வரலாற்று விளக்கம் அல்லது ஒரே காலத்தின் பொருள் அதற்குப் போதாது என்பதை அவருடைய பிற்கால எழுத்துகளில் தெளிவாகக் காணலாம்.

நம் கல்விமுறையில் வளர்ந்த மாணவருக்கு இது சங்கடம் தருவது. சரியான விடை எது என்று அவர் கேட்பார். ஆசிரியர் அதற்கு அஞ்சி ஒரு விடையை எழுதவைத்துவிட்டால் பாடம் அங்கேயே செத்துவிடும். அதேவேளை, எல்லா வாசிப்பும் சமமே, அவரவர் பார்வை அவரவர்க்கு என்று 1990களில் பல வகுப்பறைகளில் பரவிய எளிய தப்பித்தலும் அதே அளவு கேடானது. மகுடங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்பது பார்வையைப் பொறுத்ததல்ல. உமையா வரியில் இஸ்ரா வசனம் இல்லை என்பதும் அவ்வாறே. பொருள்கோள் விரிந்துகொண்டே போகலாம்; ஆனால் ஒவ்வொரு பொருள்கோளும் அச்சுவரின் முன் வந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். தான் சொன்னதைப் பொய்யாக்கும் உரிமை எதிரே நிற்கும் ஊமைப் பொருளுக்கு உண்டு என்று ஒப்புக்கொள்ளும் மனநிலை, பட்டியல்களில் இடம்பெறாத திறன்.

பெயர்ப்பலகையை நம்பாதிருத்தல் இதன் ஒரு கிளை. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ‘புனித லூயியின் ஞானஸ்நானத் தொட்டி’ என்னும் பெயரால் ஒரு பித்தளைப் பாத்திரம் உள்ளது. வெள்ளியும் பொன்னும் இழைத்த மம்லூக் கைவினை. முஹம்மத் பின் அஸ்ஸைன் என்னும் கலைஞர் அதில் தம் பெயரை ஆறு இடங்களில் பொறித்திருக்கிறார். அது 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்ததென அறிஞர் கணிக்கின்றனர். லூயி மன்னர் இறந்தது 1270இல். பெயருக்கும் பொருளுக்கும் தொடர்பில்லை. பிற்கால பிரெஞ்சு அரச குடும்பத்தின் ஞானஸ்நானச் சடங்கில் அது பயன்பட்டதே பெயருக்கு வழிவகுத்தது. ஆறு முறை கையொப்பமிட்ட ஒருவரின் பெயரால் அது வழங்கப்படாமற்போனதை எண்ணிப் பார்க்கையில் சிறிது வருத்தமாகவும் இருக்கிறது.

இவை அனைத்தும் தொலைதூர அருங்காட்சியகங்களின் செய்தி, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் பல்கலைக்கழகங்களில் கலை வரலாறு பெரும்பாலும் வரலாற்றுப் படிப்பின் ஓரத்தில் ஒரு தாளாகவே நிற்கிறது. பரோடாவைப் போலத் தனித்துறையாக வளர்ந்த இடங்கள் மிகச் சில. ஆனால் இத்துறை இல்லாமையால் நாம் இழப்பது என்ன என்பதைக் காண லூவ்ர்வரை செல்ல வேண்டியதில்லை. கீழக்கரைக்கோ காயல்பட்டினத்திற்கோ சென்றால் போதும்.

அவ்வூர்களின் பழைய பள்ளிவாசல்கள் கல்லால் ஆனவை. சதுர அடியும் பட்டையிட்ட இடைப்பகுதியும் கொண்ட தூண்கள், அவற்றின்மேல் போதிகைகள், உத்தரங்களின்மேல் பரப்பிய தட்டையான கற்பலகைக் கூரை. உருவங்கள் இல்லை, தாமரையும் கொடியும் கணித வடிவங்களும் உண்டு. இவற்றைக் காணும் வெளியூரார் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். கோயிலைப் போல் இருக்கிறது என்பது ஒன்று. ஏழாம் நூற்றாண்டிலேயே கட்டப்பட்டது என்று ஊரார் கூறுவதை அப்படியே திருப்பிச் சொல்வது மற்றொன்று. இரண்டுமே பார்க்காமல் சொல்லப்படுபவை.

பாண்டிச்சேரியில் ஆசிரியராயிருந்த ழூவோ துப்ராய் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூலில், கல்வெட்டே இல்லாத கட்டடத்தின் காலத்தையும் அதன் உறுப்புகளைக் கொண்டு கணிக்கும் முறையொன்றை வகுத்தார். அவற்றுள் முதன்மையானது போதிகை. பல்லவர் காலத்துத் தரங்கப் போதிகை அலைகளைப் போல் சுருண்டது. சோழர் காலத்தில் அது சரிவாக வெட்டப்பட்டு நடுவில் ஒரு முனை துருத்தியது. பின்னர் அம்முனை மொட்டாகியது; விஜயநகர, நாயக்கர் காலங்களில் தலைகீழாகத் தொங்கும் தாமரைப் பூவாக மலர்ந்தது. பத்து நிமிடங்களில் ஒரு பள்ளி மாணவருக்குக் கற்பித்துவிடக்கூடிய இவ்வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பழைய பள்ளிவாசலின் தொழுகைக் கூடத்தில் நின்றால், தூண்கள் தம் வயதைத் தாமே கூறத் தொடங்கும். தொங்கும் தாமரை கொண்ட தூண் ஏழாம் நூற்றாண்டினது ஆகாது. இதனால் அவ்வூர் முஸ்லிம்களின் தொன்மைக்கு எந்தக் குறையும் நேராது. காயலை மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் குறிப்பிட்டிருக்கிறார். 1340களில் மதுரை சுல்தான்களிடம் இப்னு பதூதா வந்து தங்கியிருக்கிறார். ஒரு சமூகத்தின் வயது வேறு, அது தொழுதுவரும் கட்டடத்தின் வயது வேறு. பாறைக் குவிமாடத்தின் பொன்முலாமையும் தரை அமைப்பையும் பிரித்துக் காணப் பழகிய மாணவருக்கு இந்த வேறுபாடு கடினமாகத் தோன்றாது.

‘கோயிலைப் போல்’ என்னும் உவமையையும் சற்று நிறுத்திப் பார்க்கலாம். ஒரே கல், ஒரே உளி, ஒரே ஸ்தபதி மரபு என்பது உண்மையே. ஆனால் அதே கைகள் இங்கே எதனைச் செதுக்காமல் விட்டன, கிழக்கு மேற்கான ஓட்டத்தை எவ்வாறு கிப்லாவை நோக்கிய அகன்ற வரிசைகளாக மாற்றின, கருவறை இல்லாத ஒரு கூடத்திற்கு எவ்வாறு கண்ணை ஈர்க்கும் இடமொன்றை மிஹ்ராபில் உண்டாக்கின என்பவை தனித்தனிக் கேள்விகள். உவமை இக்கேள்விகளை எழவிடாமல் மூடிவிடுகிறது. தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றி மெஹர்தாத் ஷுகூஹி 2003இல் வெளியிட்ட ஆய்வு நூல், மஅபர் சுல்தான்களின் மதுரைக் கட்டடங்களையும் கடற்கரை ஊர்களின் பள்ளிவாசல்களையும் நேரில் அளந்து, தரைப்படம் வரைந்து பேசுகிறது. அந்நூல் இம்மரபை மற்றெதனின் சாயலாகவும் காணாமல் தனியொரு மரபாகவே கருதியது என்பதால்தான் அதன் விவரிப்புகள் பயனுடையவையாக இருக்கின்றன.

இதில் அவசரமும் உள்ளது. தொழுகையாளர் பெருகியுள்ளனர்; இடம் போதவில்லை; மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் நிற்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆதலால் ஜமாஅத்துகள் பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கின்றன, விரிவாக்குகின்றன. குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் புதுப்பித்தல் என்றதும் கல்தூணின்மேல் எனாமல் பூச்சு, உள்சுவரில் பளபளக்கும் ஓடு, கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு, இறுதியில் பழைய கூடத்தை இடித்துவிட்டு வளைகுடா நாட்டுப் படமொன்றைப் பார்த்து எழுப்பிய கான்கிரீட் குவிமாடம் என்றே காரியம் நடந்துவிடுகிறது. இடிப்பவர்கள் தம் முன்னோரை இகழ்பவர்கள் அல்லர். தங்கள் முன் நிற்பது என்ன என்று அவர்களுக்குச் சொல்லித்தர எவரும் இல்லை. குவிமாடமும் மினாராவும் இருந்தால்தான் பள்ளிவாசல் என்னும் எண்ணமும் ஒரு பெயர்ப்பலகைதான். நபி அவர்களின் மதீனத்துப் பள்ளி பேரீச்ச மரத்தண்டுகளைத் தூணாகவும் ஓலையைக் கூரையாகவும் கொண்டிருந்தது.

அப்பணிகள் தொடங்குமுன் ஊர்க் கல்லூரி மாணவர்கள் நால்வரை அழைத்து, ஒரு அளவுநாடாவும் கேமராவும் கொடுத்து, ஒவ்வொரு தூணுக்கும் எண்ணிட்டு, போதிகையை நான்கு பக்கமும் படமெடுத்து, எழுத்துள்ள கல்லை ஈரத்தாளால் படியெடுத்து, எந்தக் கல் எந்த இடத்திலிருந்து நகர்த்தப்பட்டது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கச் சொல்லலாம். அரபு, தமிழ் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்த ஆலிம் ஒருவரும் கல்லின் வகையை அறிந்த கொத்தனார் ஒருவரும் அவர்களுடன் இருந்தால் சாலச் சிறந்தது. ஒரு வார வேலை. இடித்தபின் செய்ய முடியாத வேலை.